டாகரோடைப் தகடு: எந்த உலோகம் ஒத்துவரும், எது வராது, ஏன்

டாகரோடைப்னா பளபளக்கற வெள்ளித் தகட்டு மேலயே நேரா படம் பதியற பழைய புகைப்பட முறை. அந்தப் படம் எடுத்துப் பாக்கணும்னு இறங்குறவங்களை முதல்ல தடுத்து நிறுத்துறது கேமராவும் இல்ல லென்ஸும் இல்ல, தகடுதான். "வெள்ளி பூசின செம்புத் தகடு வேணும்"னு எல்லா இடத்துலயும் ஒரே வரியில சொல்லி முடிச்சிடறாங்க. ஆனா தேட ஆரம்பிச்சா ஸ்டெர்லிங் ஷீட்டு, 999 சுத்த வெள்ளி ஷீட்டு, முலாம் பூசின செம்பு, முலாம் பூசின பித்தளை, ஜெர்மன் சில்வர், கண்ணாடி மேல வெள்ளி படிய வெச்சதுன்னு வரிசையா வந்து நிக்குது, பாக்குறதுக்கு எல்லாமே ஒரே மாதிரி பளபளன்னுதான் இருக்கும். அயோடின் பெட்டி மேல கவுத்து வெச்சப்புறம்தான் எது எதுன்னு தெரியும், அதுக்குள்ள காசும் உழைப்பும் போயிருக்கும்.

அதனால "எந்த உலோகம்"ங்கற கேள்வியை நாலா உடைச்சுக்கணும். மேல இருக்குற வெள்ளி எவ்ளோ சுத்தம், எவ்ளோ தடிமன், அதுக்கு அடியில என்ன இருக்கு, அதுக்கு மேல வேற எதாவது பூசியிருக்கா. இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா கடைக்காரர் எந்தப் பேர்ல வித்தாலும் அது உதவுமா உதவாதான்னு நீங்களே சொல்லிடலாம்.

முதல்ல, தகட்டு மேல என்னதான் நடக்குது

1839 ஜனவரி 7ஆம் தேதி பாரிஸ்ல பிரெஞ்சு அறிவியல் கழகக் கூட்டத்துல அராகோங்கற விஞ்ஞானி இந்த முறையைப் பத்தி அறிவிச்சார், செய்முறை முழுசா வெளிய வந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 19. இதைக் கண்டுபுடிச்ச டாகர் வேலையை ஆரம்பிச்சது, அவருக்கு முன்னாடியே புகைப்பட முயற்சி பண்ணிட்டிருந்த நியெப்ஸோட கூட்டாளியா, ஆனா நியெப்ஸ் 1833லயே இறந்துட்டார். அப்போலேருந்து இப்போ வரைக்கும் அடிப்படை வேலை மாறல:

1. வெள்ளிப் பரப்பை கண்ணாடி மாதிரி முகம் தெரியற அளவுக்கு பாலிஷ் பண்ணணும்.
2. அயோடின் ஆவியில காட்டணும். ஆவி வெள்ளியோட சேந்து சில்வர் அயோடைடுன்னு ஒரு மெல்லிய படலம் ஆகும், இதுதான் ஒளியை உணர்ற பொருள். 1840ல கோடார்ட் புரோமின் ஆவியையும் சேத்துக்கிட்டா வேகம் கூடும்னு காட்டினார், அதுக்கப்புறம்தான் ஆளுங்களை உக்கார வெச்சு எடுக்குறது சுலபமாச்சு.
3. கேமராவுல வெச்சு ஒளி காட்டணும்.
4. சூடாக்கின பாதரச ஆவியில காட்டணும். ஒளி பட்ட இடத்துல மட்டும் பாதரசமும் வெள்ளியும் சேந்த ரசக்கலவைத் துகள்கள் உருவாகும். பாதரசம் வேணாம்னா பெக்கரல் முறை இருக்கு, அதைக் கடைசியில பாப்போம்.
5. ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைசல்ல மிச்ச அயோடைடை கரைச்சு எடுக்கணும்.
6. தங்கக் குளோரைடும் ஹைப்போவும் கலந்த கரைசலைத் தகட்டு மேல ஊத்தி அடியிலேருந்து சூடு காட்டணும். 1840ல ஃபிஸோ கொண்டுவந்த வேலை இது. இது பண்ணலன்னா விரல் பட்டாலே படம் அழிஞ்சு போகும்.

இப்போ முக்கியமான விஷயம். இந்தப் படத்துல சாயமும் இல்ல, ஜெலட்டினும் இல்ல, பேப்பரும் இல்ல. வெளுப்பா தெரியறது அந்தக் குட்டித் துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கறதால. கருப்பா தெரியறது வெறும் வெள்ளி, அது ஒளியைச் சிதறடிக்காம ஒரே பக்கமா திருப்பி அனுப்பறதால, அந்தப் பக்கம் எதிர்ல இருட்டா எதாவது இருந்தா அந்த இருட்டுதான் நமக்கு நிழலா தெரியுது. தகட்டை சாய்ச்சா படம் நெகட்டிவா மாறுறதும் இதனாலதான்.

அந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழதான், மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. சரி, தகட்டுல ஏற்கனவே அதே அளவுக்கு ஒரு கீறல் இருந்தா? கீறலும் ஒளியைச் சிதறடிக்கும், துகளும் சிதறடிக்கும், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நிழல் இருக்க வேண்டிய இடத்துல கீறல் கூட்டம் இருந்தா அங்க சாம்பல் பூத்த மாதிரி தெரியும், படமே சோகையா வரும். தகட்டைப் பத்தி இனிமே சொல்லப்போற எல்லா விஷயமும் இந்த ஒரு காரணத்துலேருந்துதான் வருது.

தடிமன்: ரசாயனத்துக்கு வேண்டியது கொஞ்சம், பாலிஷுக்கு வேண்டியது நிறைய

"எத்தனை மைக்ரான் வெள்ளி வேணும்"ங்கற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க, ஏன் அந்த எண் வேணும்னு யாரும் சொல்றதில்ல. ஒரு சின்னக் கணக்கு போட்டா தெளிவாயிடும்.

அயோடைடு படலம் சில பத்து நானோமீட்டர் தடிமன்தான், ஆயிரம் நானோமீட்டர் சேந்தாத்தான் ஒரு மைக்ரான். வெள்ளி அயோடைடா மாறும்போது கிட்டத்தட்ட நாலு மடங்கு ஊதும், அதாவது 40 நானோமீட்டர் அயோடைடு வளர்றதுக்கு வெறும் 10 நானோமீட்டர் வெள்ளிதான் செலவாகுது. 10 மைக்ரான் வெள்ளி இருக்குற தகட்டுல இது ஆயிரத்துல ஒரு பங்கு. ரசாயனத்தை மட்டும் பாத்தா முகம் பாக்குற கண்ணாடியில இருக்குற மாதிரி 0.1 மைக்ரான் வெள்ளியே போதும்.

அப்போ மிச்ச வெள்ளி எதுக்கு? பாலிஷுக்கு. பரப்புல 3 மைக்ரான் ஆழத்துக்கு ஒரு கீறல் இருந்தா, அதை இல்லாம ஆக்க ஒரே வழி சுத்தி இருக்குற வெள்ளி மொத்தத்தையும் 3 மைக்ரான் தேய்ச்சு எடுக்கறதுதான். முதல் தேய்ப்புல கொஞ்சம் போகும், படம் சரியா வரலன்னு அழிச்சுட்டுத் திரும்பத் தேய்க்கும்போது இன்னும் கொஞ்சம் போகும், ஓரத்துல எப்பவுமே அழுத்தம் அதிகமா விழுறதால அங்க சீக்கிரமே செம்பு எட்டிப் பாக்கும். வெள்ளித் தடிமனை நீங்க எத்தனை தடவை தப்பு பண்ணலாம்ங்கறதுக்கான இருப்புன்னு நெனச்சுக்கங்க, படம் நல்லா வர்றதுக்கும் அந்தத் தடிமனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 3 மைக்ரான் தகட்டுலயும் அருமையான படம் வரும், அடி உலோகம் முன்னாடியே கண்ணாடி மாதிரி இருந்து, கை பழகியும் இருந்தா.

பழைய காலத்துக்காரங்க எவ்ளோ வெச்சிருந்தாங்கன்னு பாக்க அவங்க முத்திரையே போதும். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தகடுகளோட ஓரத்துல 40, 30ன்னு எண் குத்தியிருக்கும். 40ன்னா மொத்த எடையில நாப்பதுல ஒரு பங்கு வெள்ளி, மிச்சம் 39 பங்கு செம்பு. எடைக் கணக்கா இருக்கறதால அப்படியே புரியாது, அடர்த்தியை வெச்சு தடிமனா மாத்தினா (வெள்ளி 10.49, செம்பு 8.96) மொத்தம் அரை மில்லிமீட்டர் இருக்குற தகட்டுக்கு இப்படி வருது:

1. 60ஆம் எண்: சுமார் 7 மைக்ரான் வெள்ளி
2. 40ஆம் எண்: சுமார் 10.7 மைக்ரான்
3. 30ஆம் எண்: சுமார் 14 மைக்ரான்
4. 20ஆம் எண்: சுமார் 21 மைக்ரான்

எண் சின்னதா ஆக ஆக வெள்ளி கூடுதுங்கறதை கவனிங்க, இதைத் தலைகீழா புரிஞ்சுக்கறவங்க நிறைய பேர். புதுசா ஆரம்பிக்கறவங்க 10 மைக்ரான் கேக்குறது நியாயமான அளவுன்னு நான் சொல்றதுக்கும் இந்த வரிசைதான் காரணம், தினமும் இதே வேலையா இருந்தவங்களே அந்த அளவுலதான் வெச்சிருந்தாங்க.

சுத்தம்: 92.5 ஏன் போதாது

ஸ்டெர்லிங்னா நூத்துல 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. நகைக்கும் பாத்திரத்துக்கும் அந்தச் செம்புதான் உறுதி குடுக்குது, நமக்கு அதுவே தொல்லை. செம்பும் அயோடினோட சேரும், ஆனா செம்பு அயோடைடு நமக்கு வேண்டிய வேலையைச் செய்யாது. ஸ்டெர்லிங்கை உள்ளுக்குள்ள பாத்தா வெள்ளி அதிகமா இருக்குற பகுதியும் செம்பு அதிகமா இருக்குற பகுதியும் தனித்தனியா பிரிஞ்சு கிடக்கும், அதனால படலம் ஒரே சீரா வளராது. பத்தாததுக்கு ஸ்டெர்லிங்கை சூடு பண்ணி இளக்கும்போது உள்ள இருக்குற செம்பு ஆக்சைடாகி ஊதா கலந்த சாம்பல் திட்டு விழும், நகை வேலை செய்றவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

அதனால ஷீட்டா வாங்கினா 999 சுத்த வெள்ளிதான். ஜெர்மன் சில்வர் பக்கம் போகவே வேணாம், அதுல இருக்குறது செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளின்னு துளிகூட கிடையாது.

முலாம்ல சுத்தம்னா விஷயம் இன்னும் கொஞ்சம் ஆழம். முலாம் போடுற குளியல்ல வெள்ளி படியும்போது இயல்பா மங்கலா, பால் வெளுப்பாதான் படியும். பாத்திரம், நகை ஆர்டருக்கெல்லாம் அது அப்படியே பளபளன்னு வெளிய வரணும்னு பிரைட்டனர்னு ஒரு சேர்மானம் போடுவாங்க, அதுல கந்தகம், செலினியம், ஆன்டிமனி மாதிரி எதாவது இருக்கும், அது கொஞ்சூண்டு வெள்ளியோடயே சேந்து படிஞ்சிடும். பாக்க அழகா இருக்கும், தேய்க்கக் கடினமா இருக்கும். அது மட்டும்னா பரவால்ல, கந்தகமும் செலினியமும் வெள்ளியைக் கருக்க வைக்கிற அதே குடும்பம், ஒளியை உணர வேண்டிய பரப்புக்குள்ளயே அதை விட்டு வெச்சா படத்துல மூட்டம் வர வாய்ப்பு இருக்கு. மங்கலா வர்ற சுத்த வெள்ளி முலாமை வாங்கி நாமளே தேய்ச்சுக்கறதுதான் சரி. வேலை கூடும்தான், ஆனா கைல இருக்குறது என்னன்னு நமக்குத் தெரியும்.

அடி உலோகம்: செம்பு ஏன் ஜெயிச்சுது

வெள்ளி மெல்லிசா இருக்கறதால அடியில இருக்குறது எப்படி இருக்கோ அப்படியேதான் மேலயும் தெரியும். செம்புல ஒரு குழி இருந்தா முலாம் அந்தக் குழியை நிரப்பாது, குழிக்கு ஒரு வெள்ளிச் சட்டை போட்டு விடும், அவ்ளோதான். அதனால முலாமுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே அடித் தகட்டை கண்ணாடி பாலிஷுக்குக் கொண்டு வந்துடணும், பின்னாடி பாத்துக்கலாம்னு விட்டா அந்தக் குழியை எடுக்க வெள்ளியைத்தான் தின்னணும். என்கிரேவிங்குக்குன்னு விக்கிற செம்புத் தகடு இதுக்கு ரொம்ப ஒத்தாசை, ஒரு பக்கம் ஏற்கனவே நல்லா பாலிஷ் ஆகி பாதுகாப்புப் படலம் ஒட்டி வரும்.

ஒவ்வொண்ணா பாப்போம்.

1. செம்பு. வெப்பத்தை ரொம்ப நல்லா கடத்தும், தங்கக் கரைசல் ஊத்தி அடியில சூடு காட்டும்போது தகடு முழுக்க ஒரே சீரா சூடாகும், ஒரு இடம் கொதிச்சு ஒரு இடம் ஆறிக் கிடந்தா தங்கம் திட்டுத் திட்டா விழும். செம்பும் வெள்ளியும் சூட்டுல கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் விரியும், அதனால மேல படலம் இழுபடாது. தேய்ஞ்சு போச்சுன்னா சிவப்பா எட்டிப் பாத்து "நிறுத்து"ன்னு காட்டிக் குடுக்கும். குறைன்னா இது மெத்து உலோகம், சீக்கிரம் வளையும், அதனால சின்னத் தகடுக்கு 0.5 லேருந்து 0.8 மில்லிமீட்டர், பெருசுக்கு 1 மில்லிமீட்டர் எடுக்கறது நல்லது.

2. பித்தளை. செம்பை விட விறைப்பு, மட்டமா நிக்கும், பாலிஷும் நல்லா ஏறும். வெப்பக் கடத்தல் செம்புல மூணுல ஒரு பங்கு மாதிரிதான், இருந்தாலும் சமாளிக்கலாம். இதுல துத்தநாகம் இருக்கறதால நேரா வெள்ளி போடாம முதல்ல செம்போ நிக்கலோ ஒரு அடிப் பூச்சு போட்டுக்கணும். பாதரசம் துத்தநாகத்தோடயும் நல்லா சேரும், முலாம்ல ஊசி ஓட்டை இருந்தா அங்க கறை கெளம்பும். செம்பு கெடைக்கலன்னா ரெண்டாவது இடம் இதுக்குத்தான்.

3. அலுமினியம். தொடவே கூடாது. லேசா இருக்கு, சுலபமா கெடைக்குதுன்னு நிறைய பேர் இதைத்தான் யோசிக்கறாங்க. அலுமினியத்தைக் காப்பாத்தறது அது மேல தானா வளர்ற ஆக்சைடு தோல்தான், பாதரசம் பட்டா அந்தத் தோல் திரும்ப வளர முடியாம உலோகம் அரிச்சுக்கிட்டே போகும், வெள்ளைப் பொடியா பூத்து வரும். வெள்ளி மேல ஒரு சின்ன ஓட்டை போதும் இது ஆரம்பிக்க. பாதரசம் இருக்குற வேலை எடத்துல அலுமினிய ஸ்டாண்டு, தட்டு எதுவும் வெக்காதீங்கன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான்.

4. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாதரசம் இதோட சேராது, விறைப்பும் நல்லா இருக்கு. ஆனா வெப்பம் கடத்தறதுல ரொம்ப மந்தம், செம்பு 400னா இது 15 மாதிரி. முலாம் ஒட்டறதுக்கும் தனியா நிக்கல் அடிப் பூச்சு முறை வேணும், இல்லன்னா உரிஞ்சு வரும். இவ்ளோ பாடுபட்டு இதை எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியல.

5. கண்ணாடி. இதுக்குத் தனியா பேசணும், கீழ வருது.

நிக்கல் அடிப் பூச்சு வேணுமா வேணாமாங்கறது ஒரு நியாயமான விவாதம். செம்பு அணுக்கள் நாளாக நாளாக மெல்லிய வெள்ளிக்குள்ள ஊடுருவி மேல வரும், சூடு பட்டா இன்னும் வேகமா, நடுவுல நிக்கல் இருந்தா அது தடுக்கும், அதனாலதான் பல தொழில்கள்ல நிக்கல் போடுறாங்க. ஆனா நிக்கலும் சாம்பல் வெள்ளை, வெள்ளியும் வெள்ளை. தேய்ச்சுத் தேய்ச்சு வெள்ளி தீந்து நிக்கல் வந்துட்டா கண்ணுக்கு சட்டுனு தெரியாது, அயோடின்ல வெச்சப்புறம் அந்த இடம் நிறம் மாறாம நிக்கும்போதுதான் தெரியும். 10 மைக்ரான் வெள்ளி இருந்து, பூசின கொஞ்ச மாசத்துலயே பயன்படுத்தறதா இருந்தா செம்பு மேல நேரா வெள்ளி போதும்ங்கறது என் முடிவு. 3, 4 மைக்ரான்தான் போட முடியும், இல்ல தகட்டை வருஷக்கணக்குல வெச்சிருக்கப் போறீங்கன்னா நிக்கல் நல்லது.

வெள்ளியை செம்போட சேக்குற ரெண்டு வழி

முதல் வழி உருட்டி ஒட்டுறது, கிளாடிங்னு சொல்லுவாங்க. 1740கள்ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல தாமஸ் போல்சோவர் கண்டுபுடிச்ச வித்தை இது, தடியான செம்புக் கட்டி மேல வெள்ளித் தகட்டை வெச்சு சூட்டுல ஒட்டவிட்டு, அப்புறம் உருளைக்கு நடுவுல விட்டு மெல்லிசா ஆக்கறது. எவ்ளோ உருட்டினாலும் வெள்ளிக்கும் செம்புக்கும் உள்ள விகிதம் மாறாது, அந்த 40, 30 எண்கள் வர்றது இதனாலதான். டாகரோட காலத்துல பட்டன், பாத்திரத்துக்கெல்லாம் இந்த ஷீட்டு ஏற்கனவே தயாரா இருந்தது, அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியில இருந்த ஸ்கோவில் கம்பெனி இந்தத் தகட்டை பெரிய அளவுல பண்ணிச்சு. உருட்டின வெள்ளி இறுகிப் போயிருக்கும், ஊசி ஓட்டை கம்மி, எல்லா இடத்துலயும் தடிமன் ஒண்ணா இருக்கும். இப்போ இந்த மாதிரி ஷீட்டு மின்சார காண்டாக்ட் செய்யுற தொழிலுக்காக உருவாகுது, சில்லறையா வாங்கறது கஷ்டம். உருட்டும்போது சிக்கின தூசியும் செதிலும் சில நேரம் வெள்ளிக்குள்ள புதைஞ்சிருக்கும்ங்கறது மட்டும் இதுல ஒரு குறை.

ரெண்டாவது மின்முலாம். 1840ல எல்கிங்டன் பேடன்ட் வாங்கினப்புறம் இது தொழிலா வளந்துச்சு. பாரிஸ்ல கிறிஸ்டோஃபிள் இந்த முறையில டாகரோடைப் தகடும் பண்ணாங்க. அமெரிக்காக்காரங்க இன்னொரு படி போனாங்க, கடையில வாங்கின உருட்டுத் தகட்டு மேலயே இன்னொரு தடவை மின்முலாம் போட்டு அப்புறம் பயன்படுத்தினாங்க, மேல புதுசா சுத்தமான வெள்ளி வர்றதால தகடு வேகமா வேலை செய்யுதுன்னு அவங்களுக்கு நம்பிக்கை. ரெண்டு முறையோட நல்லதும் ஒரே தகட்டுல வந்துடறதால யோசிச்சுப் பாத்தா நல்ல வழிதான்.

மின்முலாம்ல ஒரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. மின்சாரம் ஓரத்துலயும் மூலையிலயும் அதிகமா குவியும், அதனால வெள்ளியும் அங்கதான் தடியா படியும், நடுவுல கம்மியா இருக்கும். "சராசரி 10 மைக்ரான்"னு சொல்லிக் குடுத்த தகட்டுல முகம் வர்ற நடு இடத்துல 7தான் இருக்கலாம். தகடு பெருசாக ஆக இது கூடும். அதனால சராசரியைக் கேக்காதீங்க, நடுவுல குறைஞ்சபட்சம் எவ்ளோன்னு கேளுங்க, முடிஞ்சா தகட்டை ரெண்டு சென்டிமீட்டர் பெருசா குடுத்து அப்புறம் ஓரத்தை வெட்டிக்கங்க.

எவ்ளோ வெள்ளி செலவாகும்னு கணக்குப் போடறதும் சுலபம். 10 × 12.5 சென்டிமீட்டர் தகட்டுக்கு ஒரு மைக்ரானுக்கு 0.13 கிராம், 10 மைக்ரானுக்கு 1.3 கிராம். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் போனா 4 கிராம் வெள்ளி படியும், சதுர டெசிமீட்டருக்கு அரை ஆம்பியர்னு வெச்சா இந்தத் தகட்டுக்கு 10 மைக்ரான் படிய அரை மணி நேரம். பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா மின்னோட்டம் எவ்ளோ வெக்கறீங்கன்னு கேக்கணும், ஒண்ணு மின்னோட்டத்தை ஏத்தி சொரசொரப்பா படிய வெப்பாங்க, இல்ல பேசின தடிமன் வராது.

வீட்டுல நாமளே போட்டுக்கலாமான்னா, வழக்கமான வெள்ளிக் குளியல் சயனைடு. அமிலம் கொஞ்சம் பட்டாலே உயிர் போக்குற வாயு வரும், இது வீட்டுல பண்ற வேலை இல்ல. சயனைடு இல்லாத குளியல் கரைசலும் இருக்கு, ஆனா அதுல ஒட்டுதலும் சீரும் கொண்டு வர நிறைய பழக்கம் வேணும்.

முலாம் போடுறவர்கிட்ட எழுதிக் குடுக்க வேண்டியது

வாய்ல சொன்னா மறந்துடுவாங்க, அவங்களோட வழக்கமான ஆர்டர் நகையும் கோப்பையும்தான், அதுக்குப் பழகின படியேதான் கை போகும். அதனால எழுதியே குடுங்க:

1. சுத்த வெள்ளி, பிரைட்டனர் இல்லாத குளியல், மங்கலா வந்தா பரவால்ல.
2. முதல்ல ஸ்ட்ரைக் கட்டாயம். ஸ்ட்ரைக்னா வெள்ளி ரொம்பக் கம்மியா இருக்குற தனிக் குளியல்ல ஒரு மெல்லிய முதல் பூச்சு. இது இல்லாம செம்பை நேரா கெட்டியான வெள்ளிக் குளியல்ல முக்கினா மின்சாரம் இல்லாமலே ஒரு தளர்வான படலம் ஒட்டிக்கும், அது மேல படியற எல்லாம் பின்னாடி பஃப் பண்ணும்போது, அதாவது தோலால தேய்ச்சு மெருகேத்தும்போது, பொரிஞ்சு உரியும்.
3. ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா. ஒரு பக்கம் போதும், வெள்ளி மிச்சம்.
4. நடுவுல குறைஞ்சபட்சத் தடிமன்.
5. கடைசியில கருக்காம இருக்குற பூச்சு கூடாது, லாக்கர்னு சொல்ற வார்னிஷ் மாதிரி பூச்சு கூடாது, ரோடியம் கூடாது.
6. அவங்க பாலிஷ் பண்ணவே கூடாது. அவங்க வீல்ல இருக்குற மெழுகும் கொழுப்பும் துளைக்குள்ள எல்லாம் போய் உக்காந்துக்கும்.

அஞ்சாவது பாயிண்ட்டுலதான் நிறைய பேர் மாட்டறாங்க. வெள்ளி நகை மங்காம இருக்க மேல ரோடியம்னு ஒரு உலோகத்தை ரொம்ப மெல்லிசா பூசறது சகஜம், குரோமேட் மாதிரி ஒரு கண்ணுக்குத் தெரியாத தோல் குடுக்கறதும் உண்டு. எல்லாத்துக்கும் நோக்கம் ஒண்ணு, காத்துல இருக்குற வாயு வெள்ளியைத் தொடக்கூடாது. நமக்கு அயோடின் வாயு வெள்ளியைத் தொட்டே ஆகணும். அயோடின் பெட்டியில எவ்ளோ நேரம் வெச்சாலும் தகடு மஞ்சளா மாறவே இல்லன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

முழு வெள்ளித் தகடு

முலாமும் வேணாம் ஒட்டறதும் வேணாம், முழுசா 999 வெள்ளி ஷீட்டே வாங்கினா? அதே 10 × 12.5 அளவுல அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு கிட்டத்தட்ட 65 கிராம், முலாம்ல போற 1.3 கிராமுக்கு அம்பது மடங்கு. மெத்துன்னு இருக்கும், கைப்பிடியிலயே வளையும், பாலிஷ் பண்ணும்போது புதுக் கீறல் சுலபமா விழும்.

ஆனா கத்துக்கறவங்களுக்கு இதுல ஒரு பெரிய வசதி, எத்தனை தடவை வேணா அழிச்சுட்டுத் தேய்க்கலாம், செம்பு எட்டிப் பாக்குமோங்கற பயமே கிடையாது. சின்ன அளவுல, பழைய காலத்துல ஒன்பதுல ஒரு பங்குத் தகடுன்னு சொன்ன 2 × 2.5 அங்குல அளவுல ரெண்டு மூணு முழு வெள்ளித் தகடு வாங்கி அதுலயே பாலிஷும் அயோடின் நிறமும் கை படிய வெச்சுக்கிட்டு, அப்புறம் முலாம் தகட்டுக்குப் போறது புத்திசாலித்தனம். போட்ட பணமும் வெள்ளியாவே கைல இருக்கும்.

கண்ணாடி மேல வெள்ளி

சாதாரண முகம் பாக்குற கண்ணாடி உதவவே உதவாது, அதுல வெள்ளி பின்பக்கம் இருக்கு, அது மேல பெயின்ட்டும் அடிச்சிருக்கு, அயோடின் போய்ச் சேர வழியே இல்ல. முன்பக்கம் வெள்ளி படிஞ்ச கண்ணாடியைத்தான் இங்க சொல்றேன், ரசாயன முறையில நாமளே படிய வெக்கலாம், இல்ல வெற்றிடக் கருவியில பூசினது.

மேல போட்ட கணக்குப்படி 0.1 மைக்ரான் வெள்ளி ரசாயனத்துக்குப் போதும், கண்ணாடிப் பரப்பு பிறவியிலயே வழுவழுன்னு இருக்கறதால பாலிஷே தேவையில்ல. கேக்க ரொம்ப நல்லா இருக்கும், சிக்கல் வேற இடத்துல. இந்தப் படலத்தைத் தேய்க்க முடியாது, தேய்ச்சா போயிடும், அதனால கொஞ்சம் கருத்தாலோ விரல் பட்டாலோ அந்தத் தகடு அவ்ளோதான். பாதரசம் வெள்ளியைக் கரைச்சுக்கற குணம் உள்ளது, 10 மைக்ரான்ல அது ஒரு பொருட்டில்ல, 0.1 மைக்ரான்ல படலமே குலைஞ்சு போகும். தங்கம் ஏத்தும்போது சூடு காட்டினா கண்ணாடி விரிசல் விடும், வெள்ளியும் கண்ணாடியும் விரியற அளவு வேறயா இருக்கறதால படலம் உரியும். படிய வெச்ச அன்னைக்கே பாதரசம் இல்லாத முறையில சோதனை பண்ணிப் பாக்க கண்ணாடி சரி, நிலைச்சு நிக்கற படத்துக்கு உலோகம்தான்.

பாலிஷும் தகடும் ஒண்ணையொண்ணு தீர்மானிக்கும்

தகட்டை வாங்கும்போதே எதால தேய்க்கப் போறோம்னு யோசிச்சுக்கணும். பழைய ஆளுங்க ராட்டன்ஸ்டோன்னு சொல்ற மெருகேத்தற கல் பொடி, ரூஜ்னு சொல்ற சிவப்பு இரும்பு ஆக்சைடு, கடைசியா விளக்குக் கரி, மான்தோல் பஃப்னு படிப்படியா போனாங்க. மங்கலான முலாமுக்கு இந்த வரிசை முழுசும் வேணும், அடிச் செம்பு நல்லா இருந்தா கடைசி ரெண்டு படியிலயே வேலை முடியும். கடையில விக்கிற வெள்ளி சுத்தம் பண்ற பேஸ்ட் வேணாம், அதுலயும் மங்காம காக்குற பொருள் கலந்து வரும்.

கடைசித் தேய்ப்பு எப்பவும் ஒரே திசையில. எவ்ளோ நுணுக்கமா தேய்ச்சாலும் மெல்லிய கோடு மிச்சம் இருக்கும், படத்தைக் கைல புடிச்சுப் பாக்கும்போது அந்தக் கோடு இடமிருந்து வலமா படுத்த மாதிரி இருந்தா கண்ணுக்கு அதிகம் உறுத்தாது, செங்குத்தா இருந்தா பக்கவாட்டு ஒளியில எல்லாம் மின்னும். நின்ன வாக்குல ஒரு ஆளை எடுக்கப் போறீங்களா, படுத்த வாக்குல ஒரு தெருவையான்னு பாலிஷ் பண்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்.

பெக்கரல் முறையும், வீணாப்போன தகடும்

1840ல எட்மண்ட் பெக்கரல் ஒரு விஷயம் கண்டுபுடிச்சார். அயோடின் மட்டும் காட்டின தகட்டை கேமராவுல எடுத்தப்புறம் சிவப்பு இல்ல ஆரஞ்சுக் கண்ணாடி வழியா வெளிச்சத்துல வெச்சா பாதரசமே இல்லாம படம் வளரும். புரோமின் சேக்கக்கூடாது, அதனால வேகம் கம்மி, ஒளி காட்டுற நேரம் நீளும். புதுசா ஆரம்பிக்கறவங்க இதுலதான் ஆரம்பிக்கணும்னு நான் அழுத்தமாவே சொல்வேன், சூடாக்கின பாதரச ஆவி நரம்பையும் மூளையையும் கெடுக்கும், அதுக்கு வாசனை கிடையாது, சரியான புகைபோக்கி அலமாரி இல்லாம அதைத் தொடவே கூடாது. பெக்கரலா இருந்தாலும் அயோடின் ஆவி இருக்கு, காத்தோட்டம் வேணும். தகட்டுத் தேர்வுக்கு இதுல ஒரு வசதி என்னன்னா பாதரசம் அடி உலோகத்தைத் தாக்குற கவலையே போயிடுது, பித்தளை பயமில்லாம எடுக்கலாம், கண்ணாடியும் சோதிச்சுப் பாக்கலாம்.

படம் சரியா வரலன்னா தகட்டைத் திரும்பப் பயன்படுத்தறது எந்தக் கட்டத்துல நிறுத்தினீங்கங்கறதைப் பொறுத்தது:

1. தங்கம் ஏத்தாத பெக்கரல் தகடு: ஹைப்போல கழுவிட்டு கடைசிக் கட்ட பாலிஷ் மட்டும் போதும், வெள்ளி ரொம்பக் கம்மியாதான் போகும்.
2. தங்கம் ஏத்தினது: தங்கம் துகளையும் வெள்ளியையும் சேத்துப் புடிச்சிருக்கும், ராட்டன்ஸ்டோன்லேருந்து முழுசா ஆரம்பிக்கணும். முலாம் தகட்டுல இதை ரெண்டு மூணு தடவைக்கு மேல எதிர்பாக்க வேணாம். அதனால படம் நல்லா வந்திருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் தங்கத்துக்குப் போங்க.
3. செம்பு தெரிய ஆரம்பிச்சது: அந்த இடத்துல தங்கக் கரைசல் பட்டா தங்கம் படத்துக்குப் போகாம செம்பு மேல போய் விழுந்து கறையாகும். அந்தத் தகட்டை அப்படியே மறு முலாமுக்கு அனுப்பறதுதான் நல்லது, அடி பாலிஷ் ஏற்கனவே இருக்கறதால ரெண்டாவது தடவை இன்னும் நல்லா வரும்.
4. பாதரசத்துல வளத்த தகடு: இதைச் சூடு பண்ணி பாதரசத்தைப் போக்கிடலாம்னு நெனைக்கவே கூடாது, அது நேரா மூச்சுக்குள்ளதான் போகும். ஈரமா வெச்சே தேய்க்கணும், தேய்ச்ச பஞ்சையும் துணியையும் மூடி போட்ட டப்பாவுல தனியா சேத்து ஆபத்தான கழிவாக் குடுக்கணும், அந்தத் தகட்டுக்குப் பயன்படுத்தின பஃப்பை வேற தகட்டுக்கு எடுக்கக்கூடாது. இந்தத் தகட்டை முலாம் கடைக்கு அனுப்பறதா இருந்தா பாதரசம் பட்டதுன்னு முன்னாடியே சொல்லிடணும், அவங்க குளியலும் கெடும், அங்க வேலை செய்றவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கணும்.